அடியின் எடை

'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்று ஒரு பழமொழி நம் வீடுகளில் புழங்குகிறது. புலவர்கள் கொஞ்சம் சங்கடப்பட்டு, 'இங்கே அடி என்றால் இறைவனின் திருவடி' என்று விளக்கம் சொல்லிச் சமாளிப்பார்கள். ஆனால், அஞ்சாம் கிளாஸ் வாத்தியார் பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டு இதைச் சொல்லும்போது, எந்த அடியைச் சொல்கிறார் என்பதில் வகுப்பில் ஒருத்தருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

இன்னொன்றும் உண்டு: 'அடியாத மாடு படியாது.' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே அடிக்கிறவர் வாயிலிருந்து வந்தவை. வாங்கினவரைக் கேட்டு யாரும் பழமொழி எழுதவில்லை. மாட்டைக் கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருக்கும்.

சரி, அடி வாங்கினவர் என்ன சொல்வார்? அதிலும், வாங்கப்போகிறோம் என்று தெரிந்தே, யாரும் கட்டாயப்படுத்தாமல், பல்லுக்கு நடுவே ரப்பரைக் கடித்துக்கொண்டு போய் நின்றவர் என்ன சொல்வார்? குத்துச்சண்டை போட்டுப் பார்த்தவர்களிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு ஆர்வம். டி.வி-யில் நாம் பார்க்கிற பாக்ஸிங்கும், அவர்கள் விவரிக்கிற பாக்ஸிங்கும் இரண்டு வேறு விளையாட்டு மாதிரி இருக்கும்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு அண்ணன் எனக்குப் பழக்கம். குறுவை, சம்பா, மேட்டூர் தண்ணீர், உர விலை என்று நாள் ஓடுகிற விவசாயி. பார்த்தால் சாது. மூக்கு மட்டும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எண்பதுகளில், இருபது வயதில் வேலை தேடி சென்னைக்குப் போய், வியாசர்பாடியில் தங்கினவர். அங்கே வேலையோடு சேர்த்து அவர் தேடிக்கொண்டது பாக்ஸிங்.

வடசென்னையில் அது ஆச்சரியமில்லை. துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பகுதிகளில் வெள்ளைக்கார சிப்பாய்களும் மாலுமிகளும் ஆடிய குத்துச்சண்டையை, நம் ஆட்கள் பார்த்துக் கற்றுக்கொண்டு தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகள் உண்டு. இது ரத்த வாரிசு இல்லை. வாத்தியார் வழி வாரிசு. எந்த வாத்தியாரிடம் கற்றாயோ, அந்தப் பரம்பரை உன்னுடையது. 'ரோசமான குத்துச்சண்டை' என்று நோட்டீஸ் ஒட்டி டிக்கெட் விற்ற காலம் அது. 1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போனார். 2021-ல் பா.இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகு, இந்தக் கதையெல்லாம் தஞ்சாவூர் டீக்கடை வரைக்கும் தெரிந்துவிட்டது.

அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்தாரா என்று கேட்டேன். "பார்த்தேன் தம்பி. நல்ல படம். ஆனா, உள்ள நிக்கிறவனுக்கு அந்த மியூசிக் கேக்காது" என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் விஷயம்.

"முதல் ஒரு மாசம் வாத்தியார் குத்தவே விடலை. கயிறு தாண்டு, ஓடு, நில்லு, நட. நடக்கத் தெரியாதா எனக்கு? பொறந்ததுலேர்ந்து வரப்புல நடந்தவன். ஆனா, அங்க என் நடையே தப்புன்னுட்டாரு. குத்து கையிலேர்ந்து வரலை, குதிகால்லேர்ந்து வருதுன்னாரு. நானும் யோசிச்சுப் பார்த்தேன். மண்வெட்டி போடுறவன் கையாலயா வெட்டுறான்? காலை ஊணி, இடுப்பால வெட்டுறான். அது புரிஞ்ச அன்னிக்குத்தான் முதல் குத்து ஒழுங்கா விழுந்துச்சு."

தமிழில் 'அடி' என்றால் காலடி. 'அடி' என்றால் தாக்குதலும்தான். இரண்டுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லட்டும். பாக்ஸிங் வாத்தியார்களுக்கு அதில் குழப்பமே கிடையாது. இரண்டும் ஒன்றுதான் என்பார்கள்.

அடுத்தது நேரம். ஒரு ரவுண்டு மூன்று நிமிஷம், நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு. 1867-ல் இங்கிலாந்தில் குவீன்ஸ்பெரி விதிகள் என்று எழுதி வைத்ததிலிருந்து இதுதான் கணக்கு. மூன்று நிமிஷம் என்ன பெரிய நேரம்? ஒரு டீ ஆறுகிற நேரம். அண்ணன் சிரிக்கிறார்.

"கிளவுஸ் ஒண்ணு கால் கிலோ சொச்சம் இருக்கும். போட்டுக்கும்போது ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது நிமிஷத்துல ரெண்டு கையிலயும் நெல்லு மூட்டையைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். கையைக் கீழ இறக்கக் கூடாதுன்னு மூளை சொல்லும். கை கேக்காது. பயத்துல மூச்சு விடவே மறந்துபோவோம். குத்து வாங்கி விழுறவனைவிட மூச்சு வாங்கி விழுறவன்தான் அதிகம்."

முதல் முறை மூக்கில் வாங்கினால் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டுமாம். அழுகை இல்லை, உடம்பு தானாகச் செய்கிற வேலை. ஆனால், சுற்றி நிற்கிறவர்களுக்கு அது அழுகையாகத்தான் தெரியும். அந்த வெட்கம் வலியைவிடப் பெரிது என்றார். வயிற்றில் வலது பக்கம், ஈரல் இருக்கிற இடத்தில் ஒன்று விழுந்தால் முதலில் ஒன்றுமே தெரியாது. ஒரு விநாடி கழித்துக் கால் மடங்கும். 'எழுந்திரு' என்று மனசு சொல்லும். உடம்பு 'நீ யாரு?' என்று கேட்கும். தாடையில் விழுகிற குத்தோ இன்னும் விசித்திரம். அதில் வலி கிடையாது. தலை சட்டென்று திரும்ப, மண்டைக்குள் மூளை குலுங்கி, கரன்ட் போன வீடு மாதிரி ஆகிவிடும். கீழே கிடக்கிறவருக்கு விழுந்தது ஞாபகம் இருக்காது.

"கோவம் வராதா அண்ணே?"

"முதல் நாலஞ்சு தடவை வரும். கோவத்தோட போனா தோள் இறுகிடும். தோள் இறுகினா குத்து மெதுவாயிடும். எதிர்ல இருக்கிறவனுக்கு நீ என்ன பண்ணப்போறேன்னு முன்கூட்டியே தெரிஞ்சுபோயிடும். ரெண்டு வாங்கினதும் கோவம் தானா எறங்கிடும். கோவப்படுறதுக்குத் தெம்பு வேணும் தம்பி. அங்க அதுக்கெல்லாம் மிச்சம் இருக்காது."

பார்க்கிறவர்களுக்குச் சண்டை என்றாலே கோபம்தான். நிஜமாகவே குத்திக்கொள்கிற இருவரிடம் அது இருப்பதில்லை. மூன்றாவது ரவுண்டில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அதைப் பார்த்து நாம் 'சே, போர்!' என்று சேனல் மாற்றுவோம். உள்ளே நிற்கிறவர்களுக்கு அதுதான் உலகத்திலேயே சுகமான இடமாம். எதிரியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு இரண்டு மூச்சு விடலாம். அவனும் அதைத்தான் செய்துகொண்டிருப்பான். மணி அடித்ததும் இரண்டு வீங்கின மூஞ்சிகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே சோடாவைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

அதே நேரத்தில், கோபம் எல்லாம் ரிங்குக்கு வெளியே பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டிருக்கும். 'கொல்லுடா அவனை' என்று கத்துகிறவர் ஒரு நாளும் கிளவுஸ் மாட்டினவராக இருக்க மாட்டார் என்பது அண்ணனின் கண்டுபிடிப்பு.

சரி, இவ்வளவு அடி வாங்கி என்னதான் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு அடி என்ன எடைன்னு தெரிஞ்சுது" என்றார்.

அந்த வார்த்தையை நான் விடவில்லை. பேச்சு மெள்ள அவருடைய தாத்தா பக்கம் போனது.

அவருடைய தாத்தா பண்ணையாள். காவிரி டெல்டாவின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக்கே சோறு போட்ட கீழத்தஞ்சையில், வயலில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு இரண்டு தண்டனைகள் இருந்தன. ஒன்று, சவுக்கடி. இன்னொன்று, சாணிப்பால். மாட்டுச் சாணத்தைக் கரைத்துக் குடிக்க வைப்பது. வேலைக்கு லேட்டாக வந்தால் அடி, எதிர்த்துப் பேசினால் அடி. மிராசுதார் எதிரில் வந்தால் தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். அந்த அடிக்குத் தவணை கிடையாது, மணி கிடையாது. போதும் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அது ஒரு பக்கம் மட்டுமே போகிற அடி. திருப்பிக் கொடுக்க வழியே இல்லை.

1943-ல் பி.சீனிவாசராவ் அங்கே வந்து சேர்ந்தார். கன்னடம் பேசுகிற குடும்பத்தில் பிறந்து, கம்யூனிஸ்ட் கட்சி வேலையாகத் தஞ்சாவூருக்கு வந்து, அந்த மக்களோடு மக்களாகவே ஆகி, 1961-ல் மறைந்தவர். சேரிகளில் உட்கார்ந்து அவர் சொன்னது ரொம்பச் சின்ன வாக்கியம். அடித்தால் திருப்பி அடி. சாணிப்பால் கொடுத்தால் குடிக்காதே.

திருப்பி அடிக்கச் சொல்வது தர்மமா என்று அந்தக் காலத்திலேயே நிறைய பேர் முகம் சுளித்திருப்பார்கள். வன்முறையைத் தூண்டுகிறார் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால், யோசித்துப் பாருங்கள். அடி ஒருவழிப் பாதையாக இருக்கும்வரை யாரும் அதை வன்முறை என்றே சொல்லவில்லை. 'ஒழுங்கு' என்றார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்த பிறகுதான் அதற்கு வன்முறை என்று பெயரே வந்தது. அடி திரும்பி வரலாம் என்ற நிலை வந்ததும் சவுக்குகள் உத்தரத்தில் ஏறின. 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர் - பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

கணக்கு அத்தோடு முடிந்துவிடவில்லை. கூலி உயர்வு கேட்ட ஊர்களில் ஒன்றான கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 ராத்திரி, ஒரு குடிசைக்குள் 44 பேர் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். சமமான சண்டைக்கு வரத் துணிவில்லாதவர்கள் எதுவரை போவார்கள் என்பதற்கு டெல்டாவில் இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அண்ணன் சொன்னார்: "ரிங்குல முதல் தடவை நின்னப்போ, எதிர்ல ஒரு பையன். என் வயசு, என் எடை. என்னை அடிக்கப்போறான், நானும் அடிக்கப்போறேன். நடுவுல ஒருத்தர் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ரெண்டு பேரையும் ஒரே மாதிரி பார்க்கிறாரு. எங்க தாத்தா வாங்கின அடிக்கு இப்படி ஒரு ஆளு நடுவுல நிக்கலையேன்னு தோணுச்சு தம்பி. அந்த யோசனையிலயே ரெண்டு குத்து வாங்கிட்டேன்."

பாக்ஸிங் விதிகளைப் பலரும் ஏதோ ஸ்கோர் போடுகிற சமாசாரம் என்று நினைக்கிறோம். எனக்கென்னவோ, ஒரு மனிதனை இன்னொரு மனிதன் அடிக்கிற விஷயத்தில் உலகம் யோசித்து எழுதின நீதி நூல் மாதிரி அவை தெரிகின்றன. ஒரே எடைக்காரர்கள்தான் மோதலாம். இடுப்புக்குக் கீழே கூடாது. பின்மண்டையில் கூடாது. விழுந்தவனை அடிக்கக் கூடாது. பத்து எண்ணுகிற வரைக்கும் தள்ளிப்போய் நிற்க வேண்டும். மூலையில் நிற்கிற வாத்தியார் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து உள்ளே போட்டால் ஆட்டம் முடிந்தது. டெல்டாவில் இடுப்புக்கு இறங்கின அதே துண்டுதான். இங்கே அது ஒரு உயிரைக் காப்பாற்றுகிறது.

நம் ஊர் சிலம்பத்திலும் குத்துவரிசையிலும் இதே நியாயம் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் சிலம்பம் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, வாத்தியாரைக் கும்பிட்டு, எதிரில் நிற்கிறவருக்கும் வணக்கம் போட்ட பிறகுதான் கம்பு சுழலும். அந்த வணக்கத்துக்கு என்ன அர்த்தம்? 'நான் உன்னை அடிக்கலாம் என்றால், நீயும் என்னை அடிக்கலாம். ஒப்புக்கொள்கிறேன்' என்பதுதான்.

காவிரிக்கரையில் இந்த யோசனைக்கு வயது ரொம்ப அதிகம். புறநானூற்றில் 80-வது பாட்டிலிருந்து சில பாட்டுகளைப் புரட்டினால் ஒரு சோழ இளவரசன் வருகிறான். பெயர், போரவைக் கோப்பெருநற்கிள்ளி. உறையூர் தித்தனுக்கும் அவனுக்கும் மனஸ்தாபம் என்று உரைக்காரர்கள் சொல்வார்கள். அவன் ஆமூர் என்ற ஊருக்குப் போய், அங்கே பெயர்பெற்ற மல்லனோடு மற்போர் செய்கிறான். சாத்தந்தையார் என்ற புலவர், இன்றைய ஸ்போர்ட்ஸ் நிருபர் மாதிரி, எந்தக் கால் மார்பில் அழுந்தியது, எந்தக் கால் எதிரியின் பிடியைத் தடுத்தது என்பதுவரை சொல்கிறார். பசித்த யானை மூங்கிலை வளைக்கிற மாதிரி மல்லனை அவன் வளைத்ததாக உவமை. தித்தன் இதைக் கேட்டு மகிழ்வானோ மாட்டானோ, வந்து பார்க்கட்டும் என்று ஒரு குத்தும் வைக்கிறார்.

இதில் என்னை யோசிக்க வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. அரச குலத்தில் பிறந்தவன் ஒரு மல்லனை அடக்க நினைத்தால், நாலு வீரர்களுக்கு உத்தரவு போட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அதற்குப் பாட்டு வந்திருக்காது. குலத்தையும் கிரீடத்தையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தானும் அடி வாங்கக்கூடிய இடத்தில் போய் நின்றான் பாருங்கள், அதற்குத்தான் பாட்டு.

அவன்மேல் ஆசை வைத்த நக்கண்ணையாரும் மூன்று பாட்டு பாடியிருக்கிறார். ஒன்றில், ஊர் இரண்டாகப் பிரிந்து ஒரு பக்கம் 'வென்றான்' என்கிறது, இன்னொரு பக்கம் 'இல்லை' என்கிறது. வேடிக்கை பார்க்கிற கூட்டம் அன்றைக்கும் அப்படித்தான். நக்கண்ணையார் சிலம்பு ஒலிக்க ஓடி, வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, தானே பார்த்துவிட்டுச் சொல்கிறார், அவன்தான் வென்றான் என்று. ஜெயித்தவனுக்கு இத்தனை பாட்டு. தோற்றவன், உயிரையும் விட்டவன், வெறும் 'ஆமூர் மல்லன்' என்று நின்றுபோனான். அவனுடைய சொந்தப் பெயர் நம் கைக்கு வரவில்லை.

அந்தப் பெயரில்லாத மல்லனை நினைத்தால் இன்னொரு கேள்வியும் வருகிறது. சமமான சண்டை என்றால் சரியாகிவிடுமா? இரண்டு பேரும் சம்மதித்து வந்தார்கள் என்பதற்காக, ஒருவன் மூளையை இன்னொருவன் குலுக்குவது நியாயமாகிவிடுமா?

1928-லேயே ஹாரிஸன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர், நிறையக் குத்து வாங்கினவர்கள் பிற்காலத்தில் குடிக்காமலேயே தள்ளாடுகிறார்கள், பேச்சு குழறுகிறது, ஞாபகம் போகிறது என்று எழுதினார். 1983-ல் உலக மருத்துவச் சங்கம் இந்த விளையாட்டையே தடைசெய்யச் சொன்னது. கிளவுஸ் மாட்டினால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அது பெரும்பாலும் குத்துகிற கைக்குத்தான் பாதுகாப்பு. வெறுங்கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் விரல் எலும்பு உடையும்; அதனால், கை கொஞ்சம் யோசிக்கும். கிளவுஸ் மாட்டின கை யோசிக்காது.

1982 நவம்பர் 13. லாஸ் வேகாஸில் ரே மான்சினி என்ற அமெரிக்கருக்கும் கிம் டுக்-கு என்ற தென் கொரிய இளைஞருக்கும் உலகப் பட்டத்துக்கான போட்டி. 14-வது ரவுண்டில் கிம் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. சில நாளில் இறந்துபோனார். மான்சினி கொரியாவுக்கே போய் இறுதிச் சடங்கில் நின்றார். தன் கையால் ஒருவர் போய்விட்டார் என்ற பாரத்தை வெகு காலம் அவர் சுமந்தார். அதன் பிறகுதான் பட்டப் போட்டிகளை 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறைத்தார்கள்.

அண்ணனின் தலைமுறையே கும்பிட்ட முகமது அலி? 1984-ல் அவருக்குப் பார்க்கின்ஸன் நோய் என்று சொன்னார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் நடுங்கும் கையோடு அவர் தீபம் ஏற்றியதை உலகமே பார்த்தது. 2016-ல் இறந்தார். 'எல்லாம் குத்து வாங்கினதால்தான்' என்று டாக்டர்கள் அடித்துச் சொல்ல மாட்டார்கள். 'சம்பந்தமே இல்லை' என்று சொல்லவும் ஆளில்லை.

பாக்ஸிங் போட்டவர்கள் எல்லாம் புத்தராகிவிடுவார்கள் என்றும் சொல்ல மாட்டேன். மைக் டைசன் 1992-ல் பாலியல் பலாத்கார வழக்கில் சிறைக்குப் போனார். 1997-ல் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தார். அடியின் எடை தெரிவது ஒரு விஷயம். தெரிந்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பது அவரவர் பாடு.

ஆக, நான் பாக்ஸிங்குக்கு வக்கீலாக வரவில்லை. என் பிள்ளையை அனுப்புவேனா என்று கேட்டால், கயிறு தாண்டவும் பையில் குத்தவும் தாராளமாக அனுப்புவேன். மண்டையில் வாங்க அனுப்புவதற்கு முன்னால் பத்துத் தடவை யோசிப்பேன். ஆனால், இந்த ஆபத்தான விளையாட்டுக்குள் ஒரு நேர்மை இருக்கிறது. அது வெளியே, நம் சாதாரண வாழ்க்கையில் இல்லை.

1975 அக்டோபர் 1, மணிலா. அலியும் ஜோ ஃப்ரேஸியரும் மோதிய மூன்றாவது போட்டி. 14 ரவுண்டு முடிந்துவிட்டது. இன்னும் மூன்றே நிமிஷம். ஃப்ரேஸியருக்குக் கண் வீங்கி மூடிவிட்டது, குத்து வருவதே தெரியவில்லை. 'நான் போகிறேன்' என்று எழுகிறார். அவருடைய கோச் எடி ஃபட்ச், அவரைத் திரும்ப உட்கார வைத்து, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். எதிர் மூலையில் அலியும் கிட்டத்தட்டப் பிணமாகத்தான் உட்கார்ந்திருந்தார். இன்னும் மூன்று நிமிஷம் விட்டிருந்தால் ஃப்ரேஸியர் ஜெயித்திருக்கலாம் என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். ஃபட்ச் அந்த வாதத்துக்குள் போகவில்லை. தன் பையனுக்கு உயிரும் கண்ணும் மிச்சம் இருக்க வேண்டும் என்று நினைத்தார். அவ்வளவுதான்.

நம் வீடுகளில் அடி விழுகிறபோது எடி ஃபட்ச் வேலையை யார் பார்க்கிறார்கள்?

குடித்துவிட்டு வந்து மனைவியை அறைகிறான் ஒருவன். பக்கத்து வீட்டு ஜன்னல் சத்தமில்லாமல் சாத்திக்கொள்கிறது. 'புருஷன் பொண்டாட்டி விஷயம்.' ஹோட்டலில் தட்டைக் கீழே போட்ட பையனின் பின்மண்டையில் முதலாளி ஒன்று வைக்கிறார். சாப்பிடுகிறவர்கள் சாம்பாரைப் பார்க்கிறார்கள். ரிங்கில் பின்மண்டையில் அடித்தால் ஃபவுல்! பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. ஆனாலும், 'கண்ணை மட்டும் விட்டுட்டு, தோலை உரிச்சிடுங்க சார்' என்று வாத்தியாரிடம் பெருமையாக ஒப்படைக்கிற அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். முப்பது கிலோ பையனை எண்பது கிலோ ஆள் அடிக்கிற போட்டிக்கு உலகத்தில் எந்த ரெஃப்ரியும் மணி அடிக்க மாட்டார்.

இந்த அடிகளுக்கெல்லாம் ஒரு பொது அம்சம் உண்டு. அடிக்கிறவருக்கு அது திரும்பி வராது என்று நிச்சயமாகத் தெரியும். அந்த நிச்சயம்தான் கையை உயர்த்துகிறது. நாம் கோபம் என்று சொல்லிக்கொள்கிறோம். 'கோவத்துல கை நீட்டிட்டேன்' என்கிறவர், அதே கோபத்தில் தன் மேலதிகாரியையோ, ஆறடி உயர போலீஸ்காரரையோ அறைந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படியென்றால், அந்தக் கோபத்துக்கு ஆள் பார்த்து வரத் தெரிந்திருக்கிறது. எடை பார்க்கிற தராசு அதற்குள்ளேயே இருக்கிறது.

அண்ணனிடம் கடைசியாகக் கேட்டேன். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு யாரையாவது அடித்ததுண்டா?

"பையன் எட்டாவது படிக்கும்போது பம்புசெட் மோட்டார்ல எதையோ நோண்டி காயிலைப் பொகைச்சுட்டான். நடவு நேரம். தண்ணி கட்ட வழியில்ல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கை தானா பொசிஷனுக்குப் போயிடுச்சு தம்பி, பழக்கதோஷம். அவன் பயந்து ரெண்டு கையையும் தூக்கி மூஞ்சியை மூடிக்கிட்டான். அந்தக் கை என்ன உயரம்? எனக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்த மாதிரி நிக்கத் தெரியுமா அவனுக்கு? திருப்பி ஒண்ணு விடத்தான் முடியுமா? கையை எறக்கிட்டு, 'போடா, போய் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வா'ன்னேன். போயிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, காயில் கட்ட ஆன செலவு ஆனதுதான்."

எனக்கு ஒரு யோசனை. கை உயர்கிற ஒவ்வொரு முறையும், உயர்த்துகிறவர் தன்னையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவர் என் எடைதானா? அவர் என்னைத் திருப்பி அடிக்கலாமா? 'போதும்' என்று சொல்ல நடுவில் யாராவது நிற்கிறார்களா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வருகிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். சுமார் இருபது அடிக்கு இருபது அடி இருக்கும். நாலு பக்கமும் கயிறு கட்டியிருப்பார்கள். மற்ற இடங்களில் எல்லாம் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு மூச்சு விட்டுவிட்டு, மெக்கானிக்கைத் தேடிப் போவது உத்தமம்.